உரிய வழியாக

ஆடு மூத்திரம் பெய்கிற அளவுக்குத்தான் அருவியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஆனாலும் குளிக்கத் தடை. வாசல் கூண்டுக்குள் இருந்த கம்ப்யூட்டர் திரை சிவப்பாக இருந்ததுதான் காரணம்.

திரை சிவப்பானால் சொரிமுத்து சங்கிலியைக் கட்ட வேண்டும். பச்சையானால் அவிழ்க்க வேண்டும். குற்றாலத்தில் குருவிப்பாறை அருவி வாசலில் பதினோரு வருஷமாக அவருக்கு இந்த வேலை. தற்காலிக வேலை. பதினோரு வருஷம் ஒரு மனுஷன் தற்காலிகமாக இருக்க முடியுமா என்று கேட்காதீர்கள். அரசாங்கம் நினைத்தால் ஆயுசு முழுக்கத் தற்காலிகமாக வைத்திருக்கும். நிரந்தரமாக்கச் சொல்லி அவர் போட்ட மனு தென்காசி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தது. “ஆர்டர் வந்துட்டா?” என்று வீட்டுக்காரி உச்சிமாகாளி தினமும் கேட்பாள். சோறு போடுவதற்கு முன்னாலேயே கேட்பாள்.

சங்கிலிக்கு அந்தப் பக்கம் கோவில்பட்டி வேன் கூட்டம் நின்றது. உடம்பெல்லாம் எண்ணெய். ஒருவருக்குக் கண்ணிலும் வழிந்துவிட்டது.

“ஓய், நூல் மாதிரி விழுது. இதுல கொசுகூட முங்கிச் சாகாது. தொறந்து விடும்வே!”

“செவப்பு இருக்கு அண்ணாச்சி.”

“செவப்பைப் பாத்தேரு. தண்ணியைப் பாத்தேரா?”

பார்க்காமல் என்ன? ஏழு நாளாகத் தண்ணீரையும் பார்க்கிறார், சிவப்பையும் பார்க்கிறார். ஒன்றுக்கொன்று சம்பந்தம்தான் தெரியவில்லை. அவரால் முக்காலியில் உட்காரவும் முடியவில்லை. கூண்டுக்கும் பாறைக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்தது.

முன்பெல்லாம் இந்தத் தொல்லை கிடையாது. தண்ணீரின் நிறம் மாறினால், சத்தம் கனத்தால், விசில் ஊதிச் சங்கிலியைக் கட்டிவிடுவார். சத்தம் மெலிந்தால் அவிழ்ப்பார். அதற்குக் காகிதம் கிடையாது. காகிதம் இல்லாமல் ஒரு காரியம் ஒழுங்காக நடப்பதை அரசாங்கம் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்? ‘அருவிகள் ஒழுங்குபடுத்தும் வாரியம்’ வந்தது.

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் வாரியத்தின் தலைமை ஆபீஸ். அங்கே ஏசி அறையில் ஒரு சர்வர். அதன் கீழே முப்பத்திரண்டு கம்ப்யூட்டர். குற்றாலத்தில் சில, ஆய்க்குடியில் சில, குத்துக்கல்வலசையில் சில, கீழப்பாவூரில் எட்டு. கீழப்பாவூரில் அருவி கிடையாது. ஒருவர் அதைத் திறப்பு விழாவிலேயே கேட்டுவிட்டார். வாரிய இயக்குநர் மாரிச்செல்வம் மைக்கைப் பிடித்துப் பதில் சொன்னார்: “அருவி இருக்கும் ஊரில் அருவியைப் பொதுமக்களே பார்த்துக்கொள்வார்கள். இல்லாத ஊரில்தான் அரசின் கண்காணிப்பு அதிகம் தேவை.” கைதட்டினார்கள்.

முதல் மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மலைமேல் ஒரு கருவி தண்ணீரை அளக்கும். தென்காசியில் இயக்குநர் ஒரு பொத்தானை அமுக்குவார். அரை நொடியில் குற்றாலத்தில் திரை நிறம் மாறும். கம்ப்யூட்டர் என்ஜினியர் ஜெபசிங் அப்படித்தான் அமைத்திருந்தார். எந்தக் கம்ப்யூட்டர் யாரிடம் பேச வேண்டும், எந்த வழியாகப் பேச வேண்டும் என்பதை முப்பத்திரண்டுக்கும் அந்தச் சர்வரே சொல்லிவிடும். கால் மணிக்கொரு தரம் திரும்பவும் சொல்லும். எவனாவது உள்ளூரில் கையை வைத்து மாற்றினாலும் கால் மணியில் பழையபடி ஆக்கிவிடும். அந்த வழிக்கு ரூட் என்று பேர்.

பிறகு இயக்குநர் ஆய்வுக்கு வந்தார். கூண்டுக்குள் பூட்ஸோடு நின்று, கம்ப்யூட்டர் போடுகிற ஸ்ரீமதியிடம் கேட்டார்.

“உத்தரவு எப்படிம்மா இங்க வருது?”

“தென்காசி சர்வர்ல இருந்து நேரா இங்கனயே வந்துருது சார்.”

“நேராவா?”

“ஆமா சார். தண்ணி எவ்வளவுன்னு நாங்க அனுப்புறதும் நேரா உங்க டேபிளுக்கே வந்துரும்.”

இயக்குநர் முகம் கறுத்தது. கூட வந்த ஜெபசிங்கைப் பார்த்தார். அப்புறம் சொரிமுத்துவைப் பார்த்தார். சொரிமுத்து என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே கையைக் கட்டிக்கொண்டார்.

“சங்கிலி கட்டுற ஆளோட கம்ப்யூட்டர், இயக்குநரோட கம்ப்யூட்டர்கூட நேரடியாப் பேசுது. நடுவுல உதவியாளர் இல்ல, கண்காணிப்பாளர் இல்ல, துணை இயக்குநர் இல்ல. இது ஆபீஸா, டீக்கடையா?”

“சார், அது மெஷின்தானே...” என்றார் ஜெபசிங்.

“மெஷின் யாரோட மெஷின்? அரசாங்க மெஷின். அதுக்கு நடத்தை விதி உண்டா இல்லையா? நீ ஒரு மனு எழுதினா தலைப்புல என்ன எழுதுவே?”

“உரிய வழியாகன்னு எழுதுவேன் சார்.”

“அதான். எல்லாம் உரிய வழியா வரணும்.”

சின்ன ஆள் பெரிய ஆளுக்கு நேராக எழுதக் கூடாது. தனக்கு மேலே உள்ளவர், அவருக்கு மேலே உள்ளவர் என்று ஒவ்வொரு மேசையாக ஏறித்தான் போக வேண்டும், இறங்கித்தான் வர வேண்டும். ஆபீசில் இதற்குத்தான் உரிய வழி என்று பேர். அந்த வழியில் சொரிமுத்துவின் மனு ஏறத் தொடங்கி ஆறு வருஷம் ஆகிறது.

ஒரு வாரத்தில் புதிய ரூட் தயார். தென்காசியில் கிளம்பும் உத்தரவு முதலில் ஆய்க்குடி துணை இயக்குநரின் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து கீழப்பாவூர் கண்காணிப்பாளர், அப்புறம் குத்துக்கல்வலசை கண்காணிப்பாளர், அப்புறம் குற்றாலம் உதவியாளர், கடைசியில் வாசல் கூண்டு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே அஞ்சே கிலோமீட்டர். உத்தரவு மட்டும் ஜில்லாவைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும்.

நல்ல நேரம் பார்த்துச் சர்வருக்குப் பூசை போட்டார்கள். சந்தனம், குங்குமம், மாலை. புது வண்டிக்குச் செய்வதுபோல் நாலு காலுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்குவதற்காகச் சர்வரை ஒரு அடி முன்னால் தள்ளினார்கள். ஒயர் பிடுங்கிக்கொண்டது. அதைத் திரும்ப மாட்டி, இயக்குநர் பொத்தானை அமுக்குவதற்குள் ராகுகாலம் வந்துவிட்டதால் காத்திருந்து அமுக்கினார்கள். முப்பத்திரண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் ஒழுக்கம் கற்றுக்கொண்டன.

அன்றைக்கே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. போனில் சொன்னது செல்லாது. கடிதத்தில் எழுதியது செல்லாது. நேரில் வாயால் சொன்னது செல்லவே செல்லாது. திரையில் வந்ததே உத்தரவு. அடுத்தது வரும்வரை முந்தையதே உத்தரவு.

இப்போது ஏழு நாள் சிவப்பின் கதைக்கு வருவோம். இயக்குநர் பச்சையை அமுக்கி ஆறு நாள் ஆகிவிட்டது. ஸ்ரீமதி ஜெபசிங்குக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்தாள்.

“அண்ணாச்சி, கீழப்பாவூர்ல நிக்குதாம். முத்துவடிவு மேடம் லீவு. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிப் பூட்டிட்டுப் போயிட்டாங்களாம்.”

“கீழப்பாவூர்ல ஒருத்தி லீவு போட்டா குற்றாலத்துல குளிக்கக் கூடாதா?”

“மெதுவாப் பேசுங்க. ஒட்டுக் கேக்காங்க.”

கோவில்பட்டிக்காரர் ஒட்டுக் கேட்கவில்லை. நேராகவே கேட்டுக்கொண்டு நின்றார். “அப்ப நாங்க எண்ணெயோடவே ஊருக்குப் போகவா?” என்றார்.

சொரிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. ஸ்ரீமதியை வாசலுக்குக் காவல் வைத்துவிட்டுத் தென்காசி பஸ்ஸில் ஏறினார். ஜவுளிக்கடை மாடி ஜன்னலில் இயக்குநர் காபி ஆற்றிக்கொண்டிருப்பது பஸ்ஸிலிருந்தே தெரிந்தது. அங்கே இறங்கிக் கேட்டால் வாய்ப்பேச்சு, செல்லாது. பஸ் மாறிக் கீழப்பாவூர் போனார்.

முத்துவடிவு வீட்டில் காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருந்தது. கண்காணிப்பாளர் கையில் வடை வாளி.

“லீவு நாள்ல நான் மெஷினைப் போட்டா அது டூட்டி. டூட்டி பாத்தா லீவு ரத்து. ரத்தாயிட்டா இன்னைக்கு நான் காதுகுத்துல நிக்கதே ஒழுங்கீனம். என் லீவுக்கு நீரு பொறுப்பு ஏத்துக்கிடுதீரா?”

“நான் தற்காலிகம் தாயி. எதுக்கும் பொறுப்பு ஏத்துக்கிட முடியாது.”

அந்தப் பதில் முத்துவடிவுக்குப் பிடித்திருந்தது. விதி தெரிந்த ஆள் என்று நினைத்திருக்கலாம். சாவியைக் கொடுத்து, இலையும் போடச் சொன்னார். சொரிமுத்து சாப்பிடாமல் ஆபீசுக்கு ஓடினார். எட்டுக் கம்ப்யூட்டரில் எது என்று தெரியாமல் எட்டையும் போட்டுவிட்டார். அவர் திரும்பி வர பஸ்ஸுக்கு நிற்கும்போதே ஸ்ரீமதி போன் பண்ணினாள். “பச்சை வந்துட்டு அண்ணாச்சி!”

சங்கிலி அவிழ்ந்தது. கோவில்பட்டி வேன் அதற்குள் போய்விட்டிருந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் உத்தரவு ஏன் ஆறு நாள் லேட் என்று விசாரித்த குத்துக்கல்வலசைக் கண்காணிப்பாளர் பீர் மைதீனுக்கு அப்போதுதான் ஒன்று தெரிந்தது. தனக்கு வருவது கீழப்பாவூர் வழியாக வருகிறது. அப்படியென்றால் முத்துவடிவு தனக்கு மேலேயா? இரண்டு பேரும் ஒரே தேதியில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். யார் முதலில் கையெழுத்துப் போட்டது என்று பன்னிரண்டு வருஷமாக வழக்கு நடக்கிறது. பேனா முத்துவடிவுடையது என்றும், மை தன்னுடையது என்றும் பீர் மைதீன் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருந்தார்.

இயக்குநர் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

“வாரியம் யாரையும் தாழ்த்தாது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குத் தள்ளிவிட வேண்டும், இதுதானே முறை? குத்துக்கல்வலசைக்கு வந்ததைப் பீர் மைதீன் கீழப்பாவூருக்குத் தள்ளட்டும். கீழப்பாவூருக்கு வந்ததை முத்துவடிவு குத்துக்கல்வலசைக்குத் தள்ளட்டும். வழக்கு முடியும்வரை இருவரும் ஒருவருக்கொருவர் மேல்.”

இருவரும் திருப்தியாக எழுந்து போனார்கள். கூட உட்கார்ந்திருந்த ஜெபசிங் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“சார், ரெண்டு மெஷினும் மாறி மாறித் தள்ளிக்கிட்டே இருக்கும். குற்றாலத்துக்குப் போகவே போகாது. நடுவுல சுத்திச் சுத்தி, மெஷினுக்கு மெஷின் அறுபத்து நாலு தாவல் ஆனதும் உத்தரவுத் தபால் செத்துரும்.”

“அறுபத்து நாலா?”

“ஒவ்வொரு தபாலுக்கும் ஒரு ஆயுசு உண்டு சார். நாம வச்சிருக்கது அறுபத்து நாலு.”

“அரசு ஊழியனுக்கே அறுபதுல ஓய்வு. தபாலுக்கு என்ன நாலு அதிகம்? ஆடிட்ல கேட்டா நீ பதில் சொல்லுவியா? அறுபதாக் குறை.”

அறுபதாகக் குறைத்தார்கள். செத்த தபாலின் வாரிசுக்கு வேலை உண்டா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

புது ரூட் முப்பத்திரண்டு கம்ப்யூட்டருக்கும் போனது. குற்றாலம் திரையில் பச்சை நின்றது. நின்றது நின்றதுதான். மறுநாளும் பச்சை. அதற்கு மறுநாளும் பச்சை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல கூட்டம். ஆண்கள் பக்கம் நூறு பேர், பெண்கள் பக்கம் அதற்கு மேல். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சொரிமுத்துவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. மலை முகட்டைக் காணோம். பாறையோரம் போய்க் குனிந்து பார்த்தார். தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. காம்போடு பச்சை இலை வந்தது. காய்ந்த இலை வந்தால் காற்று; பச்சை இலை வந்தால் மேலே எதையோ பிய்த்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

ஓடிவந்து திரையைப் பார்த்தார். பச்சை.

“தாயி, தென்காசிக்குக் கேளு!”

ஸ்ரீமதி ஏற்கெனவே போனில் இருந்தாள். முகம் வெளுத்திருந்தது. “சார் சிவப்பை அமுக்கி இருபது நிமிஷம் ஆச்சாம் அண்ணாச்சி. குத்துக்கல்வலசைக்கும் கீழப்பாவூருக்கும் நடுவுல சுத்திச் செத்துட்டாம். சர்வர் திரும்பத் திரும்ப அனுப்புதாம், திரும்பத் திரும்பச் சாகுதாம்.”

உத்தரவில்லாமல் சங்கிலி கட்டினால் வேலை போகும். பதினோரு வருஷம் போகும். உச்சிமாகாளியின் முகம் ஒரு தரம் வந்து போனது. சொரிமுத்து விசிலை வாயில் வைத்து ஊதினார்.

ஒருவரும் அசையவில்லை. தலைக்கு ஷாம்பு போட்டிருந்த ஒருவர் நுரைக்குள்ளிருந்து கத்தினார். “என்னவே ஊதுதீரு? ஸ்கிரீன்ல பச்சைதான எரியுது!”

“வெள்ளம் வருதுய்யா! வெளிய வாங்க!”

“பச்சைல எப்படிவே வெள்ளம் வரும்? போன வாரம் சொட்டுத் தண்ணி இல்லாதப்ப செவப்புன்னேரு. இப்ப தண்ணி வந்தா மூடுதேங்கேரு. உமக்குக் கமிஷன் எதும் உண்டுமா?”

சொரிமுத்து அந்த ஆளைப் பார்த்தார், இலைகளைப் பார்த்தார். இந்த ஜனங்கள் வெள்ளத்தை நம்ப மாட்டார்கள். எதை நம்புவார்கள்? ஒன்றே ஒன்று ஞாபகம் வந்தது.

“எல்லாரும் வெளிய போங்கலே! இயக்குநர் ஐயா குடும்பத்தோட குளிக்க வாராரு! கார் கீழ நிக்கி! போங்க, போங்க!”

அவ்வளவுதான். ஆண்கள் நூறு பேரும் திட்டிக்கொண்டே வெளியேறினார்கள். ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. அது காலம் காலமாகப் பழகிய விஷயம். “இவனுகளுக்கு வீட்டுல குழா கிடையாதா?” என்று ஒரு கிழவர் காறித் துப்பினார். பெண்கள் பக்கம் ஸ்ரீமதி ஓடிப்போய், “மேடமும் வாராங்க!” என்று கத்தினாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவர்களும் வந்தார்கள். ஷாம்புக்காரர் நுரையோடு கடைசியாக வெளியே வந்தார். சொரிமுத்து சங்கிலியைக் கட்டிக் கொக்கியை மாட்டினார்.

ஒரு பீடி பிடிக்கிற நேரம் ஆகியிருக்காது. மேலே கல்லுருளும் சத்தம் கேட்டது. அப்புறம் அருவி முழுசும் செம்மண் நிறத்தில் வந்து விழுந்தது. பிடித்துக்கொண்டு குளிக்கும் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. ஒரு மரம் வேரோடு இறங்கி, ஷாம்புக்காரர் நின்ற இடத்தில் குத்தி நின்றது.

ஷாம்புக்காரர் அதைப் பார்த்தார். திரையைத் திரும்பிப் பார்த்தார். அதில் இன்னும் பச்சை.

“அப்ப இயக்குநர் வரலியா?” என்று கேட்டார்.

மறுவாரம் சொரிமுத்துவைத் தென்காசிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டாம் மாடியில் விசாரணை. அவரை நிற்கவைத்து மாரிச்செல்வம் படித்தார்.

“குற்றச்சாட்டு ஒன்று: திரையில் அனுமதி அமலில் இருக்கும்போது சங்கிலி கட்டியது. இரண்டு: இயக்குநரின் குடும்பம் குளிக்க வருவதாகப் பொய் சொல்லி, வாரியத்துக்குக் களங்கம் விளைவித்தது. மூன்று: இல்லாத வெள்ளத்தைப் பற்றிப் பீதி கிளப்பியது.”

“இல்லாத வெள்ளமா? கம்பியெல்லாம் போயிட்டே ஐயா. மரம் அங்கனதான கிடக்கு.”

“பதிவேட்டில் அன்று முழுவதும் பச்சை. பதிவேட்டின்படி அன்று வெள்ளம் இல்லை.”

“நீங்கதான ஐயா செவப்பை அமுக்கினீங்க?”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் அமுக்கினேன். அது என் கடமை. அது உனக்கு வரவில்லை. அது வழியின் முறை. வராத உத்தரவை நீ எப்படி நிறைவேற்றலாம்? இங்கே வெள்ளம் வந்ததா இல்லையா என்பதல்ல கேள்வி. உரிய வழியாக வந்ததா என்பதே கேள்வி. நாளைக்கு ஆளாளுக்குத் தண்ணீரைப் பார்த்து முடிவெடுக்க ஆரம்பித்தால் வாரியம் எதற்கு?”

“அதைத்தான் நானும் கேக்கணும்னு நெனச்சேன் ஐயா.”

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வேலை போனது. வேலை நீக்க உத்தரவை அவர் கண்முன்னாலேயே அடித்தார்கள். சொரிமுத்து கையை நீட்டினார்.

“என்ன?” என்றார் இயக்குநர்.

“ஆர்டர்...”

“நேரில் இருக்கிறாய் என்பதற்காக நேரில் கொடுக்க முடியுமா? சுற்றறிக்கை படிக்கவில்லையா? உன் பணியிடத்துக்குப் போ. உரிய வழியாக வரும். வந்ததும் வேலையை விட்டு நின்றுகொள்.” பொத்தானை அமுக்கினார்.

சொரிமுத்து குற்றாலத்துக்கு வந்து திரைக்கு முன்னால் நின்றார். சாயங்காலம்வரை நின்றார். ஒன்றும் வரவில்லை. “வரலேன்னா வராத வரைக்கும் முந்தைய உத்தரவுதான் அண்ணாச்சி. முந்தைய உத்தரவுப்படி நீங்க வேலையில இருக்கீங்க,” என்றாள் ஸ்ரீமதி. மறுநாளும் வரவில்லை. சங்கிலியை அவிழ்ப்பார், கட்டுவார். திரையை யாரும் பார்க்காதபடி அதன்மேல் துண்டைக் காயப்போட்டிருந்தார். உச்சிமாகாளி அன்றாடம், “ஆர்டர் வந்துட்டா?” என்று கேட்டாள். இப்போது வந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து ஜெபசிங் வந்தார். வாரியம் ஒரு மாதமாக விபத்தே இல்லாமல் அருவியை நடத்தியதற்காகச் சென்னையில் விருது வாங்க இயக்குநர் போயிருந்தார். அந்தச் சந்தில் ஜெபசிங் வந்து கூண்டில் குனிந்து நின்றார்.

“அண்ணாச்சி, ஐயா ஊர்ல இல்ல. சர்வர்ல ரூட்டைப் பழையபடி நேரா மாத்திரலாமான்னு பாக்கேன். அந்த ஞாயித்துக்கெழமையில இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. மாத்தினா அரை நொடியில எல்லாம் வந்து விழுந்துரும்.” கொஞ்சம் தயங்கினார். “ஆனா உங்க வேலை நீக்கமும் வந்து விழும். சர்வர் இன்னும் விடாம அனுப்பிக்கிட்டுதான் இருக்கு.”

“என் நிரந்தர மனு?”

“அதையும் மெஷின்ல ஏத்தியாச்சு. அது மேல ஏறிப் போகும்போதே அதே எடத்துலதான் சுத்துது. ரெண்டும் எதிரெதிராச் சுத்துது.”

சொரிமுத்து துண்டை விலக்கித் திரையைப் பார்த்தார். பச்சை. மழைக்காலம் இன்னும் முடியவில்லை.

“நேரா மாத்தினா, பொத்தான் யார் கையில இருக்கும்?”

“ஐயா கையில.”

“அவரு தண்ணியைப் பாத்திருக்காரா?”

ஜெபசிங் யோசித்தார். “ஆய்வுக்கு வந்தப்ப கூண்டோட திரும்பிட்டாரு.”

“அப்ப சுத்தட்டும் தம்பி. நீரு போயி நல்லாத் தூங்கும். சுற்றறிக்கைன்னா சுத்தத்தான செய்யும்.”

ஜெபசிங் சிரிக்க ஆரம்பித்தார். சொரிமுத்து சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். சத்தம் ஒரு பொட்டுக் கனத்த மாதிரி இருந்தது. துண்டைத் திரைமேல் போட்டுவிட்டு, விசிலை எடுத்துக்கொண்டு பாறையைப் பார்த்து நடந்தார்.